அது கடலைத்தான் தேடியது

போன மாதம் கல்லூரி நண்பன் ஒருவன் ஒரு படம் அனுப்பினான். அண்டார்டிகாவில் ஏதோவொரு சரளைக்கல் பள்ளத்தாக்கு. நடுவில் கருவாடு மாதிரி உலர்ந்து சுருங்கிக் கிடக்கிறது ஒரு சீல். தோல் அங்கங்கே உரிந்து எலும்பு தெரிகிறது. வாய் திறந்திருக்கிறது. சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை தண்ணீரே இல்லை. படத்தின் மேல் ஒரு வரி: ‘கடலை வெறுத்தவன்’. கீழே எண்ண முடியாத அளவுக்கு இதயக்குறிகள்.

அன்று மாலையே அதே படம் வேறொரு குழுவில் வந்தது. இந்த முறை ‘புவி வெப்பமயமாதலின் அமைதியான பலி’. அதற்கு அடுத்த பதில் எங்கள் சித்தப்பாவுடையது. ‘இதெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷமா நடக்குது, சும்மா பயமுறுத்திக் காசு பாக்குறானுங்க.’

ஒரு பிணம், மூன்று தீர்ப்பு. முதலாமவர் அதைத் தத்துவவாதியாக்கினார், இரண்டாமவர் தியாகியாக்கினார், மூன்றாமவர் தன் கட்சிக்குச் சாட்சியாக்கினார். இது எப்படிச் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலில் எழுதும் கட்டுரை இது. நடுநிலை எதிர்பார்க்கிறவர்கள் வேறு பக்கம் போகலாம்.

முதலில் பெயர்த் தகராறு ஒன்றை முடித்துவிடுகிறேன். தமிழ் நாளிதழ்கள் சீலைக் ‘கடல்நாய்’ என்கின்றன, அவசரத்தில் ‘நீர்நாய்’ என்றும் போட்டுவிடுகின்றன. நீர்நாய் வேறு, அது நம் ஆறுகளிலேயே இருக்கிறது. ‘கடல்நாய்’ நல்ல சொல்தான், ஆனால் இந்தக் கட்டுரையில் பின்னால் நிஜமான நாய்கள் வரப்போகின்றன. குழப்பம் வேண்டாம், சீல் என்றே வைத்துக்கொள்வோம்.

படத்தில் இருக்கும் இடம் விக்டோரியா லேண்டில் உள்ள மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள். அண்டார்டிகா என்றால் வெள்ளை என்று நினைத்திருப்போம். இங்கே பனிப்போர்வையே கிடையாது, வெறும் பாறையும் சரளையும்தான். பெய்யும் கொஞ்சப் பனியும் தரையில் தங்குவதில்லை. மலைமேலிருந்து இறங்கும் வறண்ட காற்று அதை அப்படியே உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. 1903 டிசம்பரில் ராபர்ட் ஸ்காட், எட்கர் எவன்ஸ், வில்லியம் லாஷ்லி மூவரும் மேல்பீடபூமியிலிருந்து திரும்பும் வழியில் இவற்றில் ஒன்றுக்குள் இறங்கினார்கள். பாசி, பூஞ்சை என்று எந்த உயிரும் அவர்கள் கண்ணில் படவில்லை. பட்டது ஒரு வெட்டெல் சீலின் எலும்புக்கூடு. இவ்வளவு உள்ளே இது எப்படி வந்திருக்கும் என்பது ஸ்காட்டுக்குப் புரியவில்லை. புரியாதபோது மனிதன் செய்வதையே அவரும் செய்தார்: அந்தப் பள்ளத்தாக்கையே சாவோடு சேர்த்து வர்ணித்துவிட்டுப் போனார். ஆக, கேப்ஷன் போடும் வியாதி நம் தலைமுறையுடையது மட்டுமல்ல.

அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்துவிட்டார்கள். கடற்கரையிலிருந்து பல பத்து கிலோமீட்டர் உள்ளே கிடந்தவை உண்டு, கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் மேலே கிடந்தவையும் உண்டு. பெரும்பாலானவை கிராப்ஈட்டர் என்ற இனம். பெயரில் நண்டு இருக்கிறதே தவிர அது நண்டு தின்பதில்லை. அது தின்பது கிரில் என்ற இத்துனூண்டு இறால் மாதிரியான உயிரை. பல்லே சல்லடை மாதிரி செதுக்கி வைத்தது போல இருக்கும். வாய் நிறையக் கடல்நீரை எடுத்து, வடிகட்டி, கிரிலை மட்டும் விழுங்கும். உலகில் மிக அதிக எண்ணிக்கையில் இருக்கும் சீல் இனங்களில் ஒன்று.

இனம் எது என்பதைவிட முக்கியமான இன்னொரு தகவல் உண்டு. மம்மியாகக் கிடப்பவற்றில் பெரும்பாலானவை இளசுகள். கேப்ஷன் போட்ட மூவரும் இதைப் பார்க்கவில்லை. வாழ்ந்து சலித்து, ‘போதும்டா இந்தக் கடல்’ என்று கிளம்பிய கிழட்டு ஞானி இல்லை அது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பள்ளிக்கூடம் போகும் வழி இன்னும் சரியாகத் தெரியாத குழந்தை.

கிராப்ஈட்டர் குட்டி மிதக்கும் பனிக்கட்டி மேல் பிறக்கிறது. சுமார் மூன்று வாரம் தாய்ப்பால். பிறகு தாய் போய்விடும். ‘இதுதான் தெற்கு, இதுதான் கடல், குளிர்காலம் வந்தால் இந்தப் பக்கம் போ’ என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. மற்ற இளசுகளோடு சேர்ந்து கோடை முழுக்கத் தின்னும். இலையுதிர்காலத்தில் கடல் உறையத் தொடங்கும்போது அனுபவமுள்ளவை வெளிவிளிம்பை நோக்கி நகர்ந்துவிடும். விரிகுடாவின் உட்பக்கம் தங்கிவிட்ட சிறுசுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொள்கிறது. காலையில் நீந்திய இடம் மாலையில் தரை. தண்ணீருக்கு வழி தேட வேண்டும். எந்தப் பக்கம்? தரையோடு வயிறு ஒட்டிக் கிடக்கும் ஒரு பிராணியின் கண்மட்டத்தில் உறைந்த கடலும், அதை ஒட்டிய பனியாறும், பள்ளத்தாக்கின் வாயும் ஒரே வெள்ளைதான். தவறான பக்கம் முதல் நூறு மீட்டர் போனால், அடுத்த நூறு மீட்டரும் அதே மாதிரிதான் இருக்கும்.

கிராப்ஈட்டருக்குப் பனியில் நல்ல வேகம் உண்டு. உடலில் கொழுப்பும் உண்டு. கடலில் அதைக் காப்பாற்றும் அந்தக் கொழுப்பு இங்கே எதிரியாகிவிடுகிறது என்பது என் எண்ணம். கையில் காசில்லாதவன் தெருமுனையிலேயே திரும்பிவிடுவான். பணம் வைத்திருப்பவன்தான் தப்பான பஸ் ஏறி ரொம்ப தூரம் போவான். இந்தச் சீல் நாட்கணக்கில் போகிறது, பிறகு விழுகிறது. குளிரும் வறட்சியும் அதை அழுகவிடுவதில்லை. காற்று வாரிவரும் மணல் பல நூறு வருஷம் அதன் தோலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

‘இதெல்லாம் உன் கற்பனை’ என்பவர்களுக்கு அண்டார்டிகா வேண்டாம், கனடாவுக்கு வாருங்கள். 2019 ஜனவரியில் நியூஃபவுண்ட்லாந்து தீவின் வடமுனைப் பக்கம் ராடிக்டன்-பைட் ஆர்ம் என்ற சிற்றூருக்குள் சுமார் நாற்பது ஹார்ப் சீல்கள் வந்துவிட்டன. ஊர் ஓரத்து விரிகுடா திடீரென்று உறைந்துவிட்டது. திரும்பும் வழி மூடிக்கொண்டதும் அவை ஊருக்குள் ஏறிவிட்டன. சாலையில் படுத்தன, வீட்டு வாசல்களில் கிடந்தன. சாம்பல் நிறச் சாலையில் சாம்பல் நிறச் சீல், கார் ஓட்டுகிறவருக்குத் தெரியவில்லை. இரண்டு கார் மோதிச் செத்தன. கடல் பாலூட்டிகளைத் தொடக் கூடாது என்று சட்டம் இருப்பதால் ஊர்க்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கடைசியில் மீன்வளத் துறை ஆட்கள் வந்து பிடித்து, திறந்த கடல் இருக்கும் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்தச் சீல்கள் எதை வெறுத்துக் கிளம்பின, யாராவது சொல்லுங்கள்? அந்த ஊரின் முனிசிபல் சாலையில் என்ன ஞானம் கிடைக்கும்?

வெர்னர் ஹெர்சாக் 2007-இல் எடுத்த அண்டார்டிகா ஆவணப்படத்தில் ஒரு பென்குயின் வரும். கூட்டத்தை விட்டு, கடலை விட்டு, மலையைப் பார்த்துத் தனியாக நடக்கும். அந்தச் சில நொடிகள் இணையத்தில் எத்தனை அவதாரம் எடுத்துவிட்டன! வேலையை விடுகிறவன் அதைப் பகிர்கிறான், காதல் முறிந்தவள் பகிர்கிறாள், ஆபீஸில் அப்ரைசல் சரியாக வராத எங்கள் டீம் லீட் பகிர்கிறார். அந்தப் படத்திலேயே ஹெர்சாக் ஒரு பென்குயின் ஆராய்ச்சியாளரிடம் பென்குயின்களுக்குப் பைத்தியம் பிடிக்குமா என்று கேட்கிறார். டேவிட் எயின்லி என்ற அந்த மனிதர், அப்படி எதையும் பார்த்ததில்லை, சிலசமயம் திசை குழம்பிவிடும் என்கிற மாதிரி ஏதோ சொல்லி முடித்துக்கொள்கிறார். பல வருஷம் அவற்றோடேயே கிடந்த மனிதரின் பதில் அவ்வளவுதான். அந்தப் பதிலை யாரும் மீம் ஆக்கவில்லை. திசை குழம்பியது என்பதில் நமக்கு என்ன கிடைக்கும்? கலகம் என்றால்தானே ஸ்டேட்டஸ் வைக்கலாம்.

கவிதைக்கு நான் எதிரி இல்லை. தனிமையைப் பற்றி எழுத ஆசைப்பட்டால் தாராளமாக உங்கள் தனிமையைப் பற்றி எழுதுங்கள். வழி தெரியாமல் பசியில் செத்த ஒரு குட்டியின் முகத்தில் உங்கள் முகத்தை ஒட்டாதீர்கள். ஒட்டியதும் அது எங்கே போக நினைத்தது என்ற கேள்வியே மறைந்துவிடுகிறது.

தியாகி கட்சிக்கு வருகிறேன். இவர்கள் என் கட்சி. காலநிலை மாற்றம் நிஜம், நாம்தான் செய்கிறோம், சீல்களைக் கொல்கிறது என்பதில் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை. அதனால்தான் இவர்கள் மேல் கோபமும் அதிகம். உலர் பள்ளத்தாக்கு மம்மியை எடுத்து ‘வெப்பமயமாதலின் பலி’ என்று போடுகிறார்கள். அதில் பல, தொழிற்புரட்சிக்கு முன்பே செத்தவை. சித்தப்பா கூகுள் போட்டு இதை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததும் ‘பாத்தியா, எல்லாமே இப்படித்தான் புளுகு’ என்பார். அவர் கையில் அந்தக் கட்டையைக் கொடுத்தது நாம்.

மம்மிகளின் வயதைக் கணிப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. அண்டார்டிகக் கடலின் ஆழத்திலிருந்து மேலே வரும் நீரில் பழைய கார்பன் இருக்கிறது. அதைத் தின்று வளர்ந்த உயிரை ரேடியோகார்பன் முறையில் சோதித்தால், நேற்றுச் செத்த சீலுக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயது காட்டும். விஞ்ஞானிகளுக்கு இது தெரியும், கழித்துக்கொள்கிறார்கள். ‘பாருங்கள், கார்பன் டேட்டிங்கே மோசடி’ என்று நிரூபிக்க விரும்பும் கூட்டமொன்றும் இதே சீலைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறது. பாவம், செத்தும் ஓய்வில்லை.

நான் சொல்ல வரும் முக்கியமான விஷயம் ஒரு மனிதரை வைத்துப் புரிந்துகொண்டது. இயன் ஸ்டர்லிங். கனடாக்காரர், 2024-இல் காலமானார். துருவக்கரடி ஆராய்ச்சியாளர் என்றுதான் உலகம் அவரை அறியும். ஆனால் இளம் வயதில் அவர் வேலை செய்தது அண்டார்டிகாவில், மக்மர்டோ பகுதியின் வெட்டெல் சீல்களோடு. 1968-இல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார்: திறந்த நீரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, உயிரோடு காணப்பட்ட ஒரு கிராப்ஈட்டரைப் பற்றி. மம்மியாகப் போகிற வழியில் இருந்த ஒன்றை மனிதர்கள் உயிரோடு பார்த்த அபூர்வப் பதிவு. தத்துவம் ஏதும் கிடையாது, சில பத்திகள்தான்.

அடுத்த வருஷம் வெட்டெல் சீலின் பற்களைப் பற்றி எழுதினார். வெட்டெல் சீல் கரையை ஒட்டிய உறைந்த கடலுக்கு அடியிலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. மூச்சுவிட மேலே ஓட்டை வேண்டும். ஓட்டை உறைந்துகொண்டே இருக்கும். அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, மேல்பற்களால் பனியை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் அறுத்தால் பல் தேயும், ஈறு சீழ் பிடிக்கும். பல் போனால் ஓட்டை போகும், ஓட்டை போனால் மூச்சு போகும். மூச்சுக்காகச் செய்யும் வேலையே ஆயுளைத் தின்கிறது. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இதில் வெப்பமயமாதலும் இல்லை, துறவும் இல்லை. துருவத்தில் வாழ்வதன் வாடகை அது.

அதே ஸ்டர்லிங் பூமியின் மறுமுனைக்குப் போகிறார். கனடாவின் பாஃபின் தீவு, 1979 ஏப்ரல். அங்கே வளையச் சீல் என்ற சிறிய இனம். இன்யூட் மக்கள் நட்சிக் என்கிறார்கள். தாய் சீல் உறைந்த கடலில் தன் மூச்சுத்துளைக்கு மேல் குவிந்திருக்கும் பனியைக் குடைந்து ஒரு குகை செய்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பனிமேடு. உள்ளே குட்டி. காற்றும் குளிரும் உள்ளே வராது. கரடிக்கு வாசனை எட்டினாலும் கூரையை உடைத்து இறங்குவதற்குள் தாயும் குட்டியும் துளைவழியே நழுவிவிட வாய்ப்புண்டு. கூரைதான் எல்லாம். அந்த ஏப்ரலில், பனி இறுகிக் கிடக்க வேண்டிய மாதத்தில், வெப்பநிலை உயர்ந்து மழை பெய்தது. கூரைகள் கரைந்து இடிந்தன. வெள்ளைப் பஞ்சு உரோமத்தோடு குட்டிகள் வெற்றுப் பனிக்கட்டி மேல் கிடந்தன. அந்த உரோமம் நனைந்தால் குளிரைத் தாங்காது. கரடிகளுக்குத் தோண்டும் வேலையே மிச்சம்.

ஸ்டர்லிங்கும் உடன் இருந்த தாமஸ் ஸ்மித்தும் இதை முழுக் கட்டுரையாக வெளியிட்டது 2004-இல். இருபத்தைந்து வருஷம் கழித்து. ஒரு தடவை பெய்த மழையை வைத்துக் கொடி தூக்கவில்லை. வசந்தகால மழை இனி அடிக்கடி வரலாம் என்று எண்ணுவதற்கு வலுவான காரணங்கள் சேர்ந்த பிறகு, அன்று கண்டதை எடுத்து, இனி நடக்கப்போவதற்கு முன்மாதிரியாக வைத்தார்கள். நாம் இருபத்தைந்து விநாடிகூட எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே மனிதர் இரண்டு சாவையும் பார்த்திருக்கிறார். ஒன்றில் நமக்குப் பங்கு இல்லை, மற்றதில் இருக்கிறது. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே வெள்ளைப் பின்னணியில் நடப்பதால் போட்டோவில் மட்டும் ஒன்றுபோல் தெரியலாம்.

போட்டோ என்றதும் ஒன்று. எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்ப்போம். ஒரு ப்ராசஸ் மெதுவாகச் சிக்கிச் செத்தால் லாக் முழுக்கப் புலம்பல் இருக்கும். திடீரென்று செத்தால் லாக் எழுதவே நேரம் இருக்காது, ஃபைல் காலியாக இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் புலம்பல் இருக்கும் ஃபைலைத்தான் திறந்து உட்கார்ந்துகொள்வார்கள். சீல் விஷயத்திலும் அதேதான். உலர் பள்ளத்தாக்கில் வழிதவறிச் செத்த குட்டி பல நூறு வருஷம் கெடாமல் கிடக்கிறது, கேமராவுக்காகக் காத்திருப்பது போல. வெப்பமயமாதல் கொல்லும் குட்டி எங்கே? ஹார்ப் சீல் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் மிதவைப் பனியில் குட்டி போடுகிறது. சுமார் பன்னிரண்டு நாள்தான் பால். குட்டி கொழுகொழுவென்று ஆகிறது, தாய் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நீச்சல் பழகும்வரை பல வாரம் குட்டி தனியாக அந்தப் பனிக்கட்டி மேலேயே கிடக்க வேண்டும். பனி கெட்டியாக இருந்தால் பிழைக்கும். மெல்லியதாக இருந்து புயலில் நொறுங்கினால் மூழ்கும், அல்லது கட்டிகளுக்கு இடையில் நசுங்கும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கடல் சமமாகிவிடும். மம்மியும் இல்லை, படமும் இல்லை, கேப்ஷன் போட ஆளும் இல்லை. 2010-இல் அந்த வளைகுடாவில் பனி மிக மோசமாகக் குறைந்திருந்தது. ஹார்ப் சீல் குட்டி போடும் பகுதிகளில் 1979 முதல் பத்தாண்டுக்கு 6 சதவீதம் வரை பனி குறைந்துவந்ததாக 2012-இல் வெளியான ஆய்வு செயற்கைக்கோள் பதிவுகளை வைத்துக் காட்டியது.

அதாவது, குளிர் கொன்றது படமாக மிஞ்சுகிறது, வெப்பம் கொன்றது தடமில்லாமல் போகிறது. கிடைத்த படத்தை வைத்து வாதாடினால் இரண்டு கட்சிக்கும் தப்பான சாட்சிதான் கிடைக்கும்.

சித்தப்பாவுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம் சித்தப்பா, சீல்கள் எப்போதும் செத்துக்கொண்டுதான் இருந்தன. நீங்கள் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதிலிருந்து நீங்கள் தாவிய இடம்தான் தப்பு. ஊரில் எப்போதும் வயசாளிகள் இறக்கத்தான் செய்கிறார்கள், அதனால் லாரி ஏற்றிக் கொன்றவன் மேல் கேஸ் போடக் கூடாது என்பீர்களா? 2025 அக்டோபரில் ஐ.யு.சி.என் அமைப்பு ஹூடட் சீலை ‘அருகிவரும்’ இனம் என்ற நிலைக்குக் கொண்டுபோனது. கோடிக்கு அருகில் இல்லாவிட்டாலும் லட்சக்கணக்கில் இருக்கும் ஹார்ப் சீலையே அச்சுறுத்தலை நெருங்கும் பட்டியலில் சேர்த்தது. கடற்பனி இழப்புதான் தலையாய காரணம் என்றது. எண்ணிக்கை நிறைய இருக்கும்போதே சொல்வதுதான் எச்சரிக்கை. பிறகு சொல்வதற்கு இரங்கற்பா என்று பெயர்.

ஆனால் மூன்று கேப்ஷன்காரர்களுமே தொடாத ஒரு சாவு உண்டு. இப்போதைக்கு என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

1955. அண்டார்டிகத் தீபகற்பத்தின் முனையில் பிரின்ஸ் குஸ்தவ் கால்வாய். உறைந்த கடலில் ஏறத்தாழ 3,000 கிராப்ஈட்டர்கள் அடைபட்டுக் கிடந்தன. சில மாதங்களில் அவற்றில் பெரும்பகுதி செத்துப்போனது. சினைகள் கலைந்தன. பட்டினிதான் காரணம் என்று எழுதி மூடியிருக்கலாம், பனியில் அடைபட்டவைதானே. ரிச்சர்ட் லாஸ், டெய்லர் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் 1957-இல் அதைப் பற்றி எழுதியபோது ஏதோ தொற்று நோய் என்று சந்தேகித்தார்கள். அந்தப் பகுதியில் அப்போது பனிச்சறுக்கு வண்டி இழுக்க நாய்கள் இருந்தன. நாய்களுக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வரும். 1991-இல் அண்டார்டிகச் சீல்களின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கான எதிரணுக்கள் இருப்பதை ஓர் ஆய்வு காட்டியது. 1955-இல் கொன்றது அதுதான் என்று அதனால் நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் அதே 1991-இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கை, 1994 ஏப்ரலுக்குள் எல்லா நாய்களும் அண்டார்டிகாவை விட்டு வெளியேற வேண்டும் என்றது. வெளியேற்றினார்கள். ஸ்காட், அமுண்ட்சன் காலத்திலிருந்து அந்தக் கண்டத்தின் கதாநாயகர்களாக இருந்த நாய்கள். அங்கே வேலை செய்தவர்கள் பலர் அழுதார்களாம். அழுதாலும் அனுப்பினார்கள்.

இப்போது பறவைக்காய்ச்சல். எச்5என்1 வைரஸின் இந்த வம்சம் 1996-இல் சீனாவின் குவாங்டாங்கில் ஒரு பண்ணை வாத்தில் அடையாளம் காணப்பட்டது. கோழிப்பண்ணைகளில் வளர்ந்து, காட்டுப் பறவைகளில் ஏறி, தென் அமெரிக்கக் கரையோரமாக இறங்கி, 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்துக்கு வந்தது. அங்கே யானைச் சீல்கள் கரையேறிக் குட்டி போட்ட நேரம். அந்தப் பருவத்துக் குட்டிகளில் 17,000-க்கும் மேல், அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல், செத்தன. அதே ஆண்டு இன்னும் தெற்கே சவுத் ஜார்ஜியா தீவுக்குப் போனது. 2022-க்கும் 2024-க்கும் இடையில் அங்கே குட்டி போட வந்த பெண் யானைச் சீல்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டன என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வான்வழிப் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அண்டார்டிக நிலப்பரப்பிலேயே அந்த வைரஸ் உறுதிசெய்யப்பட்டது.

இதை எந்தப் பெட்டிக்குள் போடுவீர்கள்? ‘இயற்கை’யா? பண்ணை இயற்கையா? ‘காலநிலை’யா? நேரடியாக இல்லை. இதற்கு நம்மிடம் கேப்ஷன் இல்லாததால்தான் இதைப் பற்றி ஒரு மீம்கூட என் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் ‘காலநிலை’ என்ற ஒரே பெட்டியில் போடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது: அது எல்லாருடைய குற்றம், ஆகவே யாருடைய குற்றமும் இல்லை. நாய்களை அனுப்பியது மாதிரி, பெயர் சொல்லிச் செய்யக்கூடிய காரியங்கள் அந்தப் பெட்டிக்கு அடியில் போய்விடுகின்றன.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். சொல்கிறேன், இதில் பெருமை எதுவும் இல்லை. சில வருஷம் முன்பு ஒரு நிறுவனத்தில் இருந்தேன். ஒரு நாள் விடிகாலை சிஸ்டம் மொத்தமும் படுத்துவிட்டது. எங்கள் தொழிலில் சர்வர் செத்தாலும் போஸ்ட்மார்ட்டம் உண்டு, நிஜமாகவே அந்த ஆவணத்துக்கு அதுதான் பெயர். அதில் ‘மூல காரணம்’ என்று ஒரு கட்டம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நடந்தது ஐந்தாறு சின்னத் தப்புகளின் கூட்டு. அலாரம் வைக்காதது, பழைய ஸ்கிரிப்ட்டை யாரும் நீக்காதது, டெஸ்ட் சூழலும் நிஜச் சூழலும் ஒரே நிறத்தில் இருந்தது. கடைசியாக அந்த கமாண்டை ஓட்டியது வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமான ஒரு பெண். நான் ‘மனிதத் தவறு’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். காலை ஏழு மணி, எனக்குத் தூங்க வேண்டியிருந்தது. அவள் இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனாள். அதே பழைய ஸ்கிரிப்ட் அடுத்த வருஷம் மறுபடி எல்லாவற்றையும் சாய்த்தது. அந்த முறை ஓட்டியவர் பதினைந்து வருஷ அனுபவசாலி.

இரண்டு ஜன்னலும் ஒரே நிறத்தில் இருந்தன. எது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. உறைந்த கடலும் பனியாறும் ஒரே வெள்ளையாகத் தெரிந்த அந்தக் குட்டியைப் பற்றி முதன்முறை படித்தபோது எனக்கு அவள் முகம்தான் வந்தது. ஒரு பிராணியின் மேல் மனித முகத்தை ஒட்டாதே என்று மேலே உபதேசம் செய்துவிட்டு நானே ஒட்டுகிறேன், தெரிகிறது. இருக்கட்டும்.

மம்மிகளைப் பற்றி இன்னும் ஒன்று. மியர்ஸ் பள்ளத்தாக்கில் 250 வருஷத்துக்கு முன் செத்த ஒரு சீலை, நியூசிலாந்தின் கிரெய்க் கேரி குழுவினர் அது கிடந்த இடத்திலிருந்து தூக்கி, சற்றுத் தள்ளி வெற்று மண்ணில் வைத்தார்கள். பிறகு வருஷாவருஷம் அதன் அடியில் இருக்கும் மண்ணைச் சோதித்தார்கள். அந்த மண்ணில் எதுவும் மாற நூற்றாண்டுகள் ஆகும் என்று நம்பிவந்தார்கள். ஐந்தே வருஷத்தில் நுண்ணுயிர்க் கூட்டமே மாறிப்போயிருந்தது. சீல் மக்கி உரமானதால் அல்ல, அது மக்கவே இல்லை. அதன் உடல் கொஞ்சம் நிழல் கொடுத்தது, கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்தது. அவ்வளவு போதுமாக இருந்தது. 2012-இல் வெளியான அந்த ஆய்வைத்தான் நண்பனுக்குத் திருப்பி அனுப்பினேன், கூடவே இந்தக் கட்டுரையின் சுருக்கத்தையும்.

‘சரிடா, அப்போ நான் கேப்ஷன் என்னன்னு மாத்தணும்?’ என்று கேட்டான்.

‘கிராப்ஈட்டர்னு போடு. இளசுன்னு போடு. இடத்தைப் போடு’ என்றேன்.

‘அதுல என்னடா இருக்கு?’ என்றான். மூன்று நாளாக அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பழைய வரி இன்னும் அப்படியே இருக்கிறது.